வனஜாவும் மொனாக்கோவின் பத்துச் சதமும்

கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைக்குள் யாரும் போக முடியாது. சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை, பலகைக்கு அந்தப் பக்கம் வனஜா. அவ்வளவுதான் கடை. சிகரெட், பத்திரிகை, பியர், காலையில் கோப்பி, பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பையில் அள்ளிப் போடும் கலவை இனிப்பு. அந்தப் பக்கத்து ஜேர்மன்காரர் இப்படிப்பட்ட கடையைப் ‘பூட’ என்பார்கள். சுரங்கத்துக்குப் போகிறவர்களும் சுரங்கத்திலிருந்து வருகிறவர்களும் ஒரு காலத்தில் நின்று குடித்துவிட்டுப் போன இடம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தாகம் அப்படியே இருக்கிறது.

கடையை முதலில் எடுத்தவர் வனஜாவின் கணவர் நாகமுத்து. எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு பீட்சா போட்டு, ஒரு நாள் இனிப் போதும் என்று இந்த ஜன்னலுக்குள் வந்து நின்றுகொண்டவர். அவரைக் கட்டுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் வனஜா. ஜேர்மன் மொழியை அவள் படித்ததும் இந்த ஜன்னலில்தான். அதனால் அவள் பேசும் ஜேர்மனில் இலக்கணம் கொஞ்சம் குறைவாகவும், ரூர் பகுதிக் கிண்டல் கொஞ்சம் கூடவாகவும் இருக்கும்.

தமிழர் மத்தியில் கடையைவிட அவளுடைய கைக்குத்தான் பெயர் இருந்தது. ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். ஒருவர் வீட்டுக் குடிபூரலுக்கு அவள் பால் காய்ச்சினாளாம், வங்கிக் கடன் சொன்ன காலத்துக்கு முந்தியே முடிந்ததாம். இன்னொருவர் பிள்ளைக்கு அவள் முதல் சோறு தீத்தினாளாம், அந்தப் பிள்ளை இப்போது மருத்துவம் படிக்கிறதாம். சித்திரை வருடப்பிறப்பு அன்று கைவிசேடம் வாங்குவதற்கு அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கும். கைவிசேடம் பெரிய காரியமில்லை. புது வருடத்தில் முதன்முதலாக ஒருவர் கையிலிருந்து வாங்கும் காசு. எவ்வளவு என்பது பொருட்டில்லை, யார் கை என்பதுதான் பொருட்டு. வாங்கிய காசைச் செலவழிக்காமல் பணப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள். வனஜா ஆளுக்குப் பத்துச் சதம் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் யாருக்காவது வேலை கிடைத்தால், விசா கிடைத்தால், பிள்ளை பிறந்தால், அந்தப் பத்துச் சதத்தின் பெயரும் சேர்ந்து அடிபடும்.

நாகமுத்து மாரடைப்பில் போனார். அடுத்து வந்த சித்திரைக்கு யாரும் வரவில்லை. துக்கம் நடந்த வீடு, ஆண்டு முடியவில்லை, வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த சித்திரைக்கு அவள் வெற்றிலையும் பத்துச் சதக் காசுகளும் எடுத்துத் தட்டில் வைத்திருந்தாள். அன்றைக்கும் யாரும் வரவில்லை. கணவனை இழந்தவள் கையால் ஆண்டின் முதல் காசை வாங்கும் வழக்கம் இல்லை. பால் காய்ச்சவும் அழைப்பு வரவில்லை, சோறு தீத்தவும் வரவில்லை. இதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத காரியம் அது. வழியில் கண்டால் எல்லோரும் முன்னைப்போலவே சிரித்தார்கள், சுகம் கேட்டார்கள், கறித்தூள் எங்கே மலிவு என்று விசாரித்தார்கள்.

ஜேர்மன் கடைகளில் மிச்சக் காசைக் கையில் கொடுப்பதைவிட, அதற்கென்று இருக்கும் சின்னத் தட்டில் வைப்பதுதான் வழக்கம். வனஜாவின் ஜன்னலிலும் அப்படி ஒரு தட்டு, ஐஸ்கிறீம் விளம்பரத்தோடு. முன்பெல்லாம் தமிழ் ஆட்களுக்கு அவள் கையில்தான் மிச்சம் கொடுப்பாள். அந்தச் சித்திரைக்குப் பிறகு தட்டில் வைக்கத் தொடங்கினாள். காசை நீட்டும்போது எதிரில் இருப்பவர் ஒரு கணம் யோசிப்பதைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு சித்திரை வருடப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை நிஷாந்தன் கோப்பிக்கு வந்தான். பொதி விநியோக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிற வழி.

“அக்கா, ஒரு கோப்பி. கெதியாத் தாங்கோ, அவசரம்.”

“நீ ஒருநாளைக்கு ஆறுதலா வந்தால் எனக்குக் கோப்பி போடத் தெரியாமல் போயிடும்.”

கோப்பி ஒரு யூரோ தொண்ணூறு. அவன் இரண்டு யூரோக் காசை வைத்தான். சில்லறைத் தட்டில் முதல்நாள் யாரோ கோலா ஊற்றி, அது ஒட்டிப்போய், வனஜா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நிஷாந்தன் கையை நீட்டினான். அவள் யோசிக்காமல் பத்துச் சதத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

இரண்டு அடி நடந்தவன் திரும்பி வந்தான்.

“அக்கா!”

“என்ன, சீனி காணாதோ?”

“இண்டைக்கு வருசமெல்லே! இதுதானே எனக்கு முதல் காசு. கைவிசேடம்!”

வனஜாவின் கை ஜன்னலுக்குள் போய்விட்டது. “விசரா. அதைக் கொண்டா இஞ்ச. போய் மாமியட்டை வாங்கு.”

“மாமி பிராங்பேர்ட்டில. அங்க போய்ச் சேர அடுத்த வருசம் பிறந்திடும்.”

“அப்ப கதிர்காமநாதன் அண்ணையட்டைப் போ.”

“அவர் தாற ஒரு யூரோவுக்கு ஒரு மணித்தியாலம் புத்தி சொல்லுவார். எனக்கு இது காணும். குடுத்தது குடுத்ததுதான்.” அவன் காசைத் திருப்பிப் பார்த்தான். “இதென்ன அக்கா, ஒருத்தர் வாளோட குதிரையில வாறார்? எங்கட வேட்டைத் திருவிழா மாதிரிக் கிடக்கு.” இன்னும் கிட்டப் பிடித்து வாசித்தான். “மொனாக்கோ! கார் ரேஸ் ஓடுற இடமெல்லே! எனக்குச் செவ்வாய்க்கிழமை பஸ் ஓட்டுற சோதினை, தெரியுமோ?”

தெரியும். ஏற்கெனவே இரண்டு தரம் அவன் அதில் தவறியதும் தெரியும். ஒவ்வொரு தரமும் ஏன் தவறினான் என்பதை அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

மொனாக்கோ பிரான்ஸின் கடற்கரையில் கிடக்கும் ஒரு குட்டி நாடு. கெல்சென்கிர்ச்சனுக்குள் அதைப் பல தடவை வைத்து எடுக்கலாம். யூரோ வந்த புதிதில் அங்கே அடித்த பத்துச் சதத்தில், பழைய அரச முத்திரையில் உள்ள கவசம் போட்ட வீரன் ஒருவன் குதிரையில் பாய்கிறான். நாணயம் சேர்ப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவார்கள். மற்றவர்களுக்கு அது பத்துச் சதம். அது எப்படி வனஜாவின் கல்லாவுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரோ விடுமுறைக்குத் தெற்கே போய்த் திரும்பியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நிஷாந்தன் சோதனையில் சித்தியடைந்தான். அடுத்த மாதம் பேருந்துக் கம்பனியில் வேலை. கோடையில் பால்கனியோடு ஒரு வீடு. இலையுதிர் காலத்தில் ஜேர்மன் குடியுரிமை. கடைசி இரண்டுக்கும் அவன் விண்ணப்பம் போட்டு வருடக்கணக்காகிறது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. நிஷாந்தனே பொருட்படுத்தவில்லை. கோவிலில் அன்னதான வரிசையில் நின்றபடி பணப்பையைத் திறந்து காசைக் காட்டி, “வனஜா அக்காவின்ர கை” என்று சொன்னான். மூன்று வருடமாக யாரும் சொல்லாத வார்த்தை அது.

வரிசையில் நின்றவர்கள் சோற்றுப் பானையைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவர் கதிர்காமநாதன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கோவில் நிர்வாகச் செயலாளர், பஞ்சாங்கத்தைக் கைபேசியிலேயே வைத்திருப்பவர். காசை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.

“கை இல்லைத் தம்பி. காசு. வடிவாப் பாரும், குதிரை வாகனம். கையில ஆயுதம். வேட்டைக்குப் போற கோலம். வினை அறுக்கிற காசு இது.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கையைக் குறை சொல்லாமலே கைக்கு வேலையில்லாமல் ஆக்கும் விளக்கம் அது. கதிர்காமநாதன் கெட்ட மனிதரில்லை. நாகமுத்துவின் செத்தவீட்டில் காலையிலிருந்து பொழுதுபடும் வரை கதிரை அடுக்கியவர் அவர்தான். அவருக்கு இரண்டு பக்கமும் நோகக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வனஜாவின் ஜன்னலுக்குக் கூட்டம் வந்தது. ஐந்து யூரோத் தாளோடு வந்து ஒரு சூயிங்கம் வாங்குவார்கள். மிச்சத்தைச் சில்லறையாகக் கேட்பார்கள். தட்டில் விழும் ஒவ்வொரு காசையும் புரட்டிப் பார்ப்பார்கள். குதிரைக்காரன் கிடைக்கவில்லை, ஆனால் வேறு யார் யாரோ கிடைத்தார்கள். அயர்லாந்துக் காசில் யாழ் இருந்தது. அதை வீணை என்று முடிவுசெய்த ஒரு தாய், மகளின் கணிதச் சோதனைக்கு என்று கண்ணில் ஒற்றி எடுத்துப் போனாள். பின்லாந்துச் சிங்கம் துர்க்கையம்மனுக்குப் போனது. ஸ்லோவேனியா இருபது சதத்தில் இரண்டு குதிரைகள் பாய்ந்தன.

“இதில ஆள் இல்லையே அக்கா.”

“இறங்கிக் கோப்பி குடிக்கப் போயிருப்பார்” என்றாள் வனஜா.

கிரேக்க நாட்டு ஒரு யூரோவில் ஆந்தை. அதை வாங்கியவர் சுட்டதுபோலக் கையை உதறி, வேறு தரச் சொன்னார். நல்ல ஒரு யூரோ, கடையில் செல்லும் என்று வனஜா சொல்லிப் பார்த்தாள். ஆந்தை வீட்டுக்குள் வரக் கூடாது என்றார் அவர்.

கொறற்றிக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. அடுத்த தெருவில் இருக்கும் கொறற்றி, வனஜாவின் வயதுக்காரி, கிறிஸ்தவ வேதக்காரி, பாண் பேக்கரியில் வேலை முடித்து வந்து ஜன்னலோரமாக நின்று கோப்பி குடிப்பவள்.

“நீர் இப்ப கடையோ வைச்சிருக்கிறீர், மிருகக்காட்சிச்சாலையோ?”

“வியாபாரம் நடக்குது. நடக்கட்டும்.”

“பின்னை ஏன் மூஞ்சியை இப்பிடி வைச்சிருக்கிறீர்?”

வனஜா சில்லறைத் தட்டைத் துடைத்தாள். இத்தனை பேர் வந்தார்கள். ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. எல்லோரும் தட்டைத்தான் பார்த்தார்கள். முன்பு யாரும் வராமல் இருந்தபோது, அது வழக்கம் என்று அவளால் ஒதுக்கி வைக்க முடிந்தது. இப்போது கண் முன்னாலேயே வந்து நின்று, அவளுடைய கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தன் கைக்கு ராசி உண்டு என்று அவள் ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் கை ஆகாது என்பதையும் அவளால் ஏற்க முடியவில்லை. பழைய வரிசை திரும்ப வரவேண்டும் என்றுகூட அவள் ஆசைப்படவில்லை. ஒருவர், தெரிந்துகொண்டு, கையை நீட்டி வாங்கினால் போதும்.

பங்குனி மாதம் கதிர்காமநாதன் ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார். பையை ஜன்னல் பலகையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே முப்பது குதிரைக்காரர்கள்.

“இணையத்தில ஒரு பெல்ஜியக்காரனட்டை எடுத்தனான். வருசத்தண்டைக்கு மண்டபத்தில கைவிசேடமாக் குடுப்பம் எண்டு நிர்வாகம் முடிவெடுத்திருக்கு.”

“நல்லது அண்ணை.”

“அதில ஒரு சின்ன உதவி வேணும் தங்கச்சி. இது அதுவரைக்கும் உங்கட காசு லாச்சியில கிடக்கட்டும். நிஷாந்தனுக்குப் போனதும் உங்கட லாச்சியிலயிருந்துதானே. சனம் அப்பிடி விரும்புது.”

“கிடக்கட்டும். ஆர் குடுக்கிறது?”

“நானும் மனிசியும். ரெண்டு பேருமாச் சேர்ந்து குடுப்பம்.” பிறகு பையை மறுபடி முடிச்சுப் போட்டு, “நீங்கள் குறை நினைக்கக் கூடாது” என்றார்.

“நான் என்னத்துக்குக் குறை நினைக்கிறன்?”

அவர் போகும்வரை கோப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்த கொறற்றி நிமிர்ந்தாள்.

“அப்ப உம்மட லாச்சி சுமங்கலி. நீர் இல்லை.”

வனஜா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பையை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள்.

கோப்பி ஒரு யூரோ தொண்ணூறு என்பதால் காலையில் அவளுக்குப் பத்துச் சதத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. வங்கியில் சில்லறைச் சுருள் வாங்கினால் அதற்கும் கட்டணம். நான்கைந்து நாள் கழித்து, நாயோடு வரும் ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் ஒருவர் கோப்பி வாங்கிவிட்டு நின்றார். லாச்சியில் பத்துச் சதம் தீர்ந்துவிட்டது, துணிப்பையைத் தவிர. வனஜா பையைப் பார்த்தாள். அவர் நாயைப் பார்த்தார். அவள் முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்து, தட்டைக் கடந்து கையை நீட்டி அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் காசைப் பார்க்கக்கூட இல்லை. சட்டைப் பைக்குள் போட்டார், நாளைக்கு மழை என்றார், போனார்.

முதலாவது போனபின் மற்றவை போவது இலகுவாக இருந்தது. ஒன்று எதிர்க் கடைத் துருக்கிக்காரப் பெண்ணுக்கு. இரண்டு, கட்டடச் சாரம் கட்டும் போலந்து ஆட்களுக்கு. ஒன்று பள்ளிக்கூட ஆசிரியைக்கு. எல்லாவற்றையும் வனஜா கையிலேயே வைத்தாள். நீட்டிய கையை எடுத்துக்கொள்ள ஒருவரும் யோசிக்கவில்லை. செய்வது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். கதிர்காமநாதன் கொடுத்த விலையைத் தன் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். சனத்துக்கு என்ன சொல்வது என்பதை நினைக்கவில்லை. வருடப்பிறப்புக்கு முதல்நாள் துணிப்பை காலியாகிவிட்டது. அதைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அந்த வருடம் புத்தாண்டு திங்கட்கிழமை. காலையில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. கதிர்காமநாதன் பட்டு வேட்டிக்கு மேல் குளிர்ச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு இறங்கினார். கார் ஓட்டி வந்தவள் அவருடைய மகள் மிதுஷா. அவள் இறங்கவில்லை, கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொறற்றி தன் வழமையான இடத்தில் நின்றாள்.

“புதுவருச வாழ்த்து தங்கச்சி. பையை எடுங்கோ, பூசை தொடங்கப்போகுது.”

வனஜா மடித்து வைத்திருந்த துணிப்பையை எடுத்துப் பலகையில் வைத்தாள். அவர் தூக்கினார். பாரம் இல்லாததைக் கை முதலில் கண்டது, முகம் பிறகுதான் கண்டது.

“காசு எங்க?”

“முடிஞ்சுது அண்ணை.”

“என்ன முடிஞ்சுது?”

“மிச்சம் குடுத்து முடிஞ்சுது.”

“ஆருக்கு?”

“கோப்பி குடிச்ச ஆக்களுக்கு.”

கதிர்காமநாதன் நிறுத்தத்தைப் பார்த்தார். அங்கே ஏழெட்டுப் பேர் ட்ராமுக்காக நின்றார்கள். இவர்களில் எவர் பைக்குள் குதிரை இருக்கிறது என்று தேடுவதுபோல இருந்தது அவருடைய பார்வை.

“மண்டபத்தில சனம் நிக்குது. நான் போய் என்னத்தைச் சொல்லுறது?”

“குதிரை கட்டை அறுத்துக்கொண்டு ஓடிட்டுது எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றாள் கொறற்றி.

“நீங்கள் பேசாமல் இருங்கோ பிள்ளை.” அவர் வனஜாவிடம் திரும்பினார். “உங்களை நம்பித்தானே தந்தனான்?”

“ஓம். பிழை என்னில. என்ன விலைக்கு எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ, இப்பவே தாறன்.” அவள் குரல் உயரவில்லை. “ஆனால் அண்ணை, என்ர லாச்சியில கிடந்தால் நல்லம் எண்டு சொன்னீங்கள். அந்த லாச்சியைத் திறக்கிறது ஆர்? பூட்டுறது ஆர்? நிஷாந்தனுக்கு அந்தக் காசு பறந்து போய் விழேல்லை. நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

அவர் பையை நாலாய் மடித்தார், திரும்ப விரித்தார்.

“வழக்கம் எண்டு ஒண்டு இருக்குத் தங்கச்சி. நான் உண்டாக்கினதில்லை.”

“நீங்கள் உண்டாக்கேல்லைத்தான்.”

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மிதுஷா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முப்பதை நெருங்கும் வயது. சிகையலங்காரத்தில் தொழிற்பயிற்சி முடித்து, மற்றவர்கள் கடையில் ஆறேழு வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு கடை திறக்க நிற்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

“அப்பா, என்ன இவ்வளவு நேரம்? அன்ரி, எனக்கு ஒரு கோப்பி.”

“உனக்குக் கோப்பி வயித்துக்கு ஒத்துவராதெல்லே” என்றார் கதிர்காமநாதன்.

“இண்டைக்கு ஒத்துவரும்.”

வனஜா கோப்பியை வைத்தாள். மிதுஷா இரண்டு யூரோவை வைத்தாள். பத்துச் சதத்தை எடுத்த வனஜாவின் கை, பழக்கத்தில் தட்டுப் பக்கம் போனது. மிதுஷா தட்டை ஒரு விரலால் தள்ளிப் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் விட்டாள். பிறகு கையை விரித்து நீட்டினாள்.

“தட்டில வேண்டாம் அன்ரி.”

“கொப்பர் நிக்கிறார் பிள்ளை.”

“தெரியும். அவருக்கும் ஒரு கோப்பி போடுங்கோ.”

“இதில குதிரை இல்லை.”

“குதிரைக்கு நான் முடி வெட்டுறதில்லை.”

கொறற்றி வாயைப் பொத்திக்கொண்டாள். கதிர்காமநாதன் ட்ராம் வரும் நேரம் காட்டும் பலகையை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். அதில் படிக்க நிறைய இருப்பதுபோல. வனஜா ஒரு கணம்தான் பொறுத்தாள். பிறகு காசை மிதுஷாவின் உள்ளங்கையில் வைத்தாள். சாதாரண ஜேர்மன் பத்துச் சதம், பின்பக்கம் பிராண்டன்பேர்க் வாசல். மிதுஷா அதைத் திருப்பிப் பார்க்காமலே விரல்களை மூடினாள்.

“அன்ரி, வாற கிழமை வெள்ளிக்கிழமை கடை திறக்கிறன். அதுக்கும் நீங்கள் வரோணும். முதல் கதிரையில இருக்கோணும், முதல் காசும் உங்கட கையாலதான் கல்லாவில விழோணும்.”

“எனக்கோ? முடி வெட்டவோ?” வனஜாவின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போனது. “நான் நுனிதான் வெட்டுவிப்பன். சொல்லிப்போட்டன்.”

“நுனி காணும்.”

“வெள்ளிக்கிழமை பின்னேரம் சரக்கு வரும், பின்னேரம் ஏலாது. காலமைக்கு எண்டால்...” வனஜா ஜன்னலின் மறுபக்கம் பார்த்தாள். “கொறற்றி, நீர் கொஞ்ச நேரம் நிப்பீரோ?”

“நிப்பன். ஆனால் ஆந்தைக் காசு வந்தால் நான் பொறுப்பில்லை.”

கதிர்காமநாதனின் கோப்பி ஆவி பறந்தபடி பலகையில் இருந்தது. அவர் அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். சூடு தாங்காமல் முகத்தைச் சுளித்தார். வெற்றுப் பையைக் குளிர்ச் சட்டைக்குள் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை பதினொண்டரைக்கு முதல் வந்திடுங்கோ தங்கச்சி. அதுக்குப் பிறகு இராகுகாலம். ஊர்க் கணக்கெண்டால் பத்தரை. இது இஞ்சத்தச் சூரியனுக்குப் பார்த்தது.”